ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?



லாரி அமர்த்தும்போது ஸ்டெப்னி இருக்கிறதா என்று மட்டும் கேட்பவர் தொழிலுக்குப் புதியவர். அதில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பவர் நாலு தடவை நடுவழியில் நின்றவர். கம்ப்யூட்டர் விஷயத்தில் நம்மில் பலர் இன்னும் புதியவர்களாகவே இருக்கிறோம்.

முன்பு கம்ப்யூட்டர் பில் போடும் இயந்திரம், அவ்வளவுதான். நின்றுவிட்டால் கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதிக் கொடுத்துவிடுவோம். இன்று சில்லறைக் கடைக்காரர் செல்போனில் ஆர்டர் போடுகிறார். அது பில்லாகிறது, குடோனுக்குச் சீட்டாகப் போகிறது, இருப்பில் கழிகிறது, ஜி.எஸ்.டி. தளத்துக்குப் போய் ஐ.ஆர்.என். எண் வாங்குகிறது, இ-வே பில் எடுக்கிறது, வங்கி வரவோடு ஒத்துப் பார்க்கிறது. இத்தனைக்கும் நடுவில் தூதுவனாக ஓடுவதுதான் இணைப்பு மென்பொருள். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. அதையொட்டி நாங்களும் இதை வாங்கினோம். இந்தத் தூதுவன் படுத்துவிட்டால் சரக்கு, லாரி, ஆள் எல்லாம் இருந்தும் கடை நிற்கும்.

எங்கள் மண்டியில் அந்த வருடமே, தீபாவளிக்கு முந்தைய வாரம் படுத்தது. மென்பொருள் விற்றவர் சொன்னபடி இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தோம். ஒன்று நின்றால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும் என்றார். இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே யு.பி.எஸ்.ஸில் இருந்தன. யு.பி.எஸ். போனது, இரண்டும் சேர்ந்தே போயின. மூன்று மணி நேரம் நின்றோம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்ப ஓட ஆரம்பித்த பிறகு நடந்ததுதான் கொடுமை. எந்தச் சீட்டு குடோனுக்குப் போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. பாதி ஆர்டர்களை மறுபடி அனுப்பிவிட்டது. சீட்டு வந்தால் ஏற்றுவதுதான் குடோன் பையன்களின் வேலை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. சர்க்கரையும் மைதாவும் பாமாயிலும் இரண்டு நடை போயின.

பெரும்பாலோர், "அண்ணாச்சி, சரக்கு ரெண்டு தரம் வந்திருக்கு" என்று போன் செய்து திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் ஒரு தரம்தான் வந்தது என்று சாதித்தார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். எங்கள் கணக்கே குழம்பிக் கிடந்தபோது எதைக் காட்டிப் பேசுவது? முப்பது வருடத் தொடர்பு அன்றோடு முறிந்தது. பண நஷ்டத்தை மறந்துவிட்டோம், இதை மறக்க முடியவில்லை.

ஆகவே மாற்று இயந்திரம் விற்க யாராவது விலைப்பட்டியலோடு வந்தால், முதலில் நம்மை நாமே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கடை எத்தனை நேரம் நின்றால் தாங்குவோம்? எத்தனை நேரத்துக் கணக்கு தொலைந்தால் தாங்குவோம்? இரண்டும் வேறு வேறு கேள்விகள். இரவில் ஒரு முறை மட்டும் நகல் எடுப்பவருக்கு மாலை 5 மணிக்கு இயந்திரம் கெட்டால் அன்றைய கணக்கு முழுவதும் போகும். சிறிய மளிகைக் கடைக்குப் பரவாயில்லை, ராத்திரி உட்கார்ந்து அடித்துவிடலாம். மொத்தக் கடைக்கு ஆகாது.

இரண்டு இயந்திரமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஏற்பாட்டை இப்போது பெரிதாகச் சொல்லி விற்கிறார்கள். நமக்கு அது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இரண்டுக்கும் இடையே உள்ள இணைப்பு அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று எண்ணி இரண்டுமே முதலாளி நாற்காலியில் உட்காரும். ஒரே எண்ணில் இரண்டு பேருக்குப் பில் போகும். அதைத் தடுக்கச் சாட்சியாக மூன்றாவது இயந்திரம் ஒன்று வேண்டும். வங்கிகள் அந்தச் செலவைத் தாங்கும். நமக்கு ஒன்று ஓட, மற்றது உடனுக்குடன் நகல் எடுத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். மாற்றுவதை ஒரு மனிதன் பார்த்து முடிவு செய்யட்டும். இருபது நிமிடம் நின்றால் குடி முழுகிவிடாது.

ஆனால் காத்திருப்பது வேறு கட்டிடத்தில், வேறு மின் இணைப்பில் இருக்க வேண்டும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, இரண்டிலும் ஒரே நாளில் அப்டேட் போடக் கூடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். மாற்று இயந்திரத்திலும் அதே அப்டேட் ஏறியிருந்தால் அது இருந்தும் பயன் என்ன?

நம் இயந்திரங்கள் நன்றாக இருந்தாலும் எதிர்ப்பக்கம் படுக்கும். 2018 பிப்ரவரி 1 அன்று இ-வே பில் தொடங்கிய நாளிலேயே தளம் திணறி, திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் நம் தகவல்கள் வரிசையில் காத்திருக்குமா, காணாமல் போகுமா? திரும்ப அனுப்பினால் இரட்டிப்பாகுமா? விற்க வருபவரிடம் இதைக் கேட்டு, நம் கண் முன்னால் செய்து காட்டச் சொல்ல வேண்டும். ஐ.ஆர்.என். எண் விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து உருவாகிறது. அதனால் அதே பில்லை மறுபடி அனுப்பினால் தளம் ஏற்றுக்கொள்ளாது. எங்கள் குடோன் சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. இப்போது ஆர்டர் எண் இல்லாத சீட்டே கிடையாது, ஒரு முறை ஏற்றிய எண் மறுபடி வந்தால் குடோன் கம்ப்யூட்டர் தள்ளிவிடும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை அடைத்த பிறகு, ஓடுகிற இயந்திரத்தின் பிளக்கை நாங்களே பிடுங்கிப் பார்க்கிறோம். முதல் தடவை பிடுங்கியபோது மாற்று இயந்திரத்தின் பாஸ்வேர்டு கணக்குப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும் என்பது தெரிய வந்தது. அவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். இப்போது அது மூடிய உறையில் கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது.