நாடா வெட்டினால் வகுப்பு நடந்துவிடுமா?



மலையகப் பாடசாலைகளுக்கு ஸ்மார்ட் போர்ட் வருகிறது, இணையம் வருகிறது, இனி எங்கோ தூரத்தில் இருக்கும் ஆசிரியர் நமது பிள்ளைகளுக்கு நேரடியாகப் பாடம் எடுப்பார் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். மாலை போடுகிறார்கள், நாடா வெட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். மறுநாள் அந்தத் திரையை யார் இயக்குவது, பிள்ளை எப்படிக் கேள்வி கேட்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நிகழ்நிலை வகுப்பை நாம் எதிர்க்கவில்லை. "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று பேசுகிறவர்கள் பக்கம் சங்கம் ஒருநாளும் நிற்காது. உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிக்க ஆசை இருந்தும், தமிழில் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லாமல் கலைப்பிரிவுக்குப் போன பிள்ளைகளை நமக்குத் தெரியும். ஒரு நல்ல பௌதிகவியல் ஆசிரியர் ஒரே நேரத்தில் ஐந்து பாடசாலைப் பிள்ளைகளோடு பேச முடியுமென்றால் அது நமக்கு வேண்டும். ஆனால் அந்த வகுப்பு பாடசாலைக்குள்ளே, அரசின் செலவில், பயிற்சி பெற்ற ஆசிரியரின் துணையோடு நடக்க வேண்டும். தொழிலாளியின் போனிலும் தொழிலாளியின் கடனிலும் நடக்கக் கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை பட்டுவிட்டோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தாலும் 2021 ஒக்டோபர் வரை படிப்பு ஒழுங்காக நடக்கவில்லை. "இணையவழியில் படியுங்கள்" என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். தோட்டங்களோ அப்போதும் மூடவில்லை. நாம் மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான். அதையும் முழுதாகத் தராமல், கிலோ குறைந்தால் அரைப்பேர் போட்டார்கள். அந்தச் சம்பளத்தில் ஸ்மார்ட் போன் வாங்கு, டேட்டா போடு என்றார்கள். தோடு அடகுக்குப் போனது. நுண்கடன்காரன் லயத்து வாசலுக்கு வந்தான்.

வாங்கிய பிறகாவது படிப்பு நடந்ததா? வீட்டுக்கு ஒரு போன். பல வீடுகளில் அதுவும் கொழும்பில் கடை வேலை செய்யும் தகப்பன் கையில். தரம் 5க்கும் சாதாரண தரத்துக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு வந்தால் எந்தப் பிள்ளையிடம் போனைக் கொடுப்பது? சிக்னல் தேடிப் பிள்ளைகள் தேயிலை மலை உச்சிக்கு ஏறினார்கள். அட்டையும் குளவியும் மழையும்தான் அங்கே வகுப்புத் தோழர்கள். இது நமது பிள்ளைகளின் துன்பம் மட்டுமல்ல. போகிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து பாறை மேல் ஏறி இணையம் பிடித்த படத்தை 2021இல் உலகமே பார்த்தது. ஏழையின் பிள்ளைக்குச் சிங்களம், தமிழ் என்ற பேதமின்றி ஒரே கதிதான்.

ஆசிரியர்களைக் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. அவர்களும் சம்பளத்துக்கு உழைப்பவர்கள்தான். சொந்தக் காசில் போன், சொந்தக் காசில் டேட்டா. சூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதைக்கூட வகுப்பு அறுந்த பிறகுதான் பலர் அறிந்தார்கள். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி நாடு முழுவதும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். அந்தப் போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. பாடம் எடுப்பவரின் செலவையும் உழைப்பையும் கணக்கில் எடுக்காத திட்டம் எதுவும் ஓடாது என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசியில் நமது பிள்ளைகளில் பலருக்குக் கிடைத்தது வட்ஸ்அப்பில் வந்த படம். அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார்கள். அதற்கு இணையவழிக் கல்வி என்று பெயர் வைத்தார்கள்.

அப்படியானால் அறிமுகம் என்பது எது? வகுப்பின் இலக்கத்தையும் பாஸ்வேர்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதல்ல. முதல் இரண்டு வாரம் பாடமே வேண்டாம், பழக்கம் வேண்டும். எப்படி உள்ளே வருவது, எப்போது மைக்கை மூடுவது, எப்போது திறப்பது, பேச விரும்பினால் திரையில் எப்படிக் கை உயர்த்துவது, கேள்வியைத் தமிழில் எப்படி டைப் செய்வது என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்து பார்க்க வேண்டும். ஆசிரியரும் அப்படித்தான். தன் திரையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது, அதில் எழுதுவது, பாடத்தைப் பதிவு செய்து வைப்பது, இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று பழக வேண்டும். அந்தப் பயிற்சி வேலை நேரத்தில், சம்பளத்தோடு, தமிழில் நடக்க வேண்டும். இங்கிலீஷில் ஒரு கையேட்டை அனுப்பிவிட்டுப் பயிற்சி முடிந்தது என்று கணக்குக் காட்டக் கூடாது.

இன்னொன்று. தூரத்து ஆசிரியருக்குப் பின் வாங்கில் இருக்கும் பிள்ளையின் முகம் தெரியாது. விளங்காமல் தலையைக் குனிந்திருக்கும் பிள்ளையைக் கண்டு, அதன் கேள்வியைத் திரைக்கு எடுத்துச் சொல்ல வகுப்பறைக்குள் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் அது வகுப்பல்ல, தொலைக்காட்சி.

இங்கேதான் நமக்குச் சந்தேகம் வருகிறது. "திரை வந்துவிட்டது, இனி ஆசிரியர் எதற்கு" என்று வெற்றிடங்களை அப்படியே விட்டுவிடுவார்களோ? மலையகத்தின் படிப்பை மலிவாக முடிப்பது புதிதல்ல. ஒற்றை ஆசிரியரோடு லயத்துப் பள்ளிக்கூடமாகக் கிடந்த தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கவே 1977 வரை காத்திருந்தோம். பிறகும் ஆசிரியர் கேட்டால் ஆசிரிய உதவியாளர் என்று பெயர் வைத்து, மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் நமது இளைஞர்களை வகுப்பறைக்கு அனுப்பினார்கள். அவர்கள் உயர்வு கேட்டு வீதியில் இறங்க நேர்ந்தது. அந்த வரிசையில் அடுத்த மலிவுச் சரக்காக இந்தத் திரை ஆகிவிடக் கூடாது.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. நிகழ்நிலை வகுப்பு பாடசாலை நேரத்தில், பாடசாலைக்குள், அரசு கட்டும் இணைய இணைப்பில் நடக்க வேண்டும். போன் இல்லாத பிள்ளை என்று ஒரு பிள்ளைகூட வெளியில் நிற்கக் கூடாது.

2. ஒவ்வொரு பாடமும் பதிவு செய்யப்பட வேண்டும். மின்வெட்டிலும் மண்சரிவு எச்சரிக்கையிலும் தவறிய வகுப்பைப் பிள்ளை பிறகு பாடசாலையிலேயே பார்க்க வழி வேண்டும்.

3. ஆசிரியர்களுக்குத் தமிழில் பயிற்சி. திரையைக் காட்டி ஒரு வெற்றிடத்தையும் மறைக்கக் கூடாது.

4. 1992 முதல் தோட்டங்களை நடத்தும் கம்பனிகள், பாடசாலைக்கு இணையக் கம்பி இழுக்கவும் கட்டடம் கட்டவும் தடை சொல்லாமல் இடம் விட வேண்டும். கொழுந்தெடுக்க வழி விடும் மலை, கம்பி போகவும் வழி விடட்டும்.

இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் சேர்ந்து அதிபரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இணைய பில் யார் கட்டுகிறார்? எந்த ஆசிரியர் பயிற்சி பெற்றார்? நம் பிள்ளை சென்ற வாரம் திரையில் ஒரு கேள்வியாவது கேட்டதா? பதிலை எழுதி வாங்கி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அதை வலயக் கல்விப் பணிமனைக்குக் கொண்டுபோவது சங்கத்தின் வேலை.

சம்பளத்தைக் கேட்டு வாங்கினோம். வாக்குரிமையைக் கேட்டு வாங்கினோம். பிள்ளையின் வகுப்பறையையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.