ஏழாவது எழுத்தில் மாறிய ஊர்

திருப்பூருக்கு வடமேற்கே அவிநாசி. தென்கிழக்கே அவிநாசிபாளையம். 381-ம் எண் தேசிய நெடுஞ்சாலை திருப்பூர் வழியாக இரண்டையும் இணைக்கிறது. இடையே சுமார் 30 கிலோமீட்டர். உள்ளூர்க்காரர் யாரும் இந்த இரண்டு ஊரையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கம்ப்யூட்டர் குழப்பும்.

ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கட்டிங் முடிந்த துணி, தையலுக்காக ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குப் போகிறது. பண்டல்களுக்குச் சீட்டு அடிப்பது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். இது பெரிய சாஃப்ட்வேர் அல்ல. ‘பட்டியலைத் திற, ஊர்ப்பெயரை எடு, அச்சடி’ என்று லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு வரிசையாக எழுதிவைக்கும் கட்டளைகள், அவ்வளவுதான். சீட்டில் இடம் குறைவு என்பதால், ‘பெயரில் முதல் 7 எழுத்து போதும்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

அவிநாசிபாளையம் என்பதில் நாம் எண்ணினால் 8 எழுத்து. ஏழோடு நிறுத்தினால் கடைசி ‘ம்’ மட்டும்தானே போக வேண்டும்? சீட்டில் வருவதோ ‘அவிநாசி’!

காரணம் எளிது. ‘வி’ நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் அது ‘வ’ ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறிகள். ‘ம்’ என்பதிலும் புள்ளி தனிக் குறி. அப்படி எண்ணினால் இந்த ஊருக்கு 14 குறிகள். முதல் ஏழில் அவிநாசி முடிந்துவிடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. யூனிக்ஸின் முதல் ஷெல்லை 1971-ல் எழுதிய கென் தாம்சன், 1992-ல் ராப் பைக்குடன் சேர்ந்து யூடிஎஃப்-8 முறையை வகுத்தார். அதில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஆக, நம் ஊர் 42 பைட். மொழி அமைப்பு சரியாக இல்லாத கம்ப்யூட்டரில் ஷெல் பைட்டைத்தான் எண்ணும். அங்கே 7 என்றால் ‘அவ’ என்பதோடு ஓர் உடைந்த குறிதான் மிஞ்சும்.

பண்டல் அவிநாசிக்குப் போய்விட்டால், அவிநாசிபாளையத்தில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்கு மெஷின் இருக்கும், கரன்ட் இருக்கும், துணி இருக்காது. அன்றைய கூலி போச்சு.

தேடும்போதும் இதே சிக்கல்தான். ‘கிரெப்’ கட்டளையில் அவிநாசி என்று தேடினால் அவிநாசிபாளையமும் சேர்ந்து வரும். பக்கத்து ஊரான கொடுவாயைத் தேடினால், சில நேரம் பட்டியலில் இருந்தும் அகப்படாது. ‘கொ’வை ஒரே உயிர்க்குறியோடும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, ஷெல்லுக்கு இரண்டு.

என்ன செய்யலாம்? ஊர்ப்பெயரை வெட்டவே வேண்டாம். இடம் போதாவிட்டால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓர் எண் கொடுத்து அதை அச்சடிக்கலாம். ஒப்பிடும்போது முழுப் பெயரும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியலைச் சேமிக்கும்போதே யூனிகோடின் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றிவிட்டால், இரண்டு ‘கொ’வும் ஒன்றாகிவிடும்.

கடைசியாக ஒன்று. ஸ்கிரிப்டைச் சோதிக்கும்போது ‘சேலம்’ என்று கொடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அதில் 5 குறிகள்தான். தப்பு வெளியே தெரியாது. அவிநாசிபாளையம் என்று கொடுத்துப் பாருங்கள்.