ஆறாம் வகுப்பில் ஒரு 'திருட்டு'! கணக்கும் இங்கிலீசும் களவு போவது எப்படி?

(நமது நகர நிருபர்)

பூட்டு உடையவில்லை. பீரோ திறக்கவில்லை. ஆனாலும் சென்னையில் பல வீடுகளில் ஒரு பொருள் களவு போய்க்கொண்டே இருக்கிறது.

ஐந்தாவது வரை 'நல்லாப் படிக்கிறான்' என்று பேரெடுத்த பையன், ஆறாவது, ஏழாவதில் கணக்கிலும் இங்கிலீசிலும் சறுக்குகிறான். அப்பா, அம்மாவுக்கு விஷயம் தெரிவது ஒன்பதாம் வகுப்பில். அதற்குள் களவு நடந்து மூன்று வருஷம் ஆகிவிடுகிறது. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை!

மூன்று வருஷம் ஏன் வெளியே தெரிவதில்லை? தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்குவதில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் பெயிலாக்கலாம் என்று விதியை மாற்றியபோது, இங்கே பழைய முறையே தொடரும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அது சரிதான். பத்து வயசுப் பிள்ளையைப் பெயிலாக்கி மூலையில் உட்கார வைப்பதில் என்ன லாபம்? ஆனால் 'பாஸ்' என்ற ஒரு சொல்லை நம்பி வீட்டில் அசந்துவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

களவு நடக்கும் இடம்

ஐந்தாவது வரை பெரும்பாலும் ஒரே டீச்சர்தான் எல்லாப் பாடமும் நடத்துகிறார். எந்தப் பிள்ளை எங்கே திணறுகிறது என்று அவருக்குத் தெரியும். ஆறாவதில் பாடத்துக்கு ஒரு வாத்தியார். பல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே மாறிவிடுகிறது.

ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டக் கணக்கு. 40 நிமிடப் பீரியடை 35 பேருக்குப் பங்கு போட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் சொச்சம்! எவ்வளவு நல்ல வாத்தியாராக இருந்தாலும் இதில் என்ன செய்ய முடியும்?

இன்னொரு விஷயமும் உண்டு. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளை, எழுத்துக் கூட்டிப் பழக வேண்டிய காலத்தை வீட்டிலேயே கழித்தது. அதே பிள்ளைதான் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்தது. அஸ்திவாரத்தில் செங்கல் குறைந்திருக்கிறது. மாடி ஆடாமல் என்ன செய்யும்?

2024-இல் நாடு முழுக்கக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் 'அசர்' ஆய்வு எடுத்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 46 பேருக்குத்தான் மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்திருந்தது. அது கிராமக் கணக்கு, நம்ம ஊருக்கு இல்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் வீட்டிலேயே சோதனை போட்டுப் பார்க்கலாம்.

துப்பு கிடைப்பது மளிகைக் கடையில்!

முதல் சோதனை: 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 12 என்று விடை வந்தால் நடுவில் இருக்கும் சைபர் தொலைந்துவிட்டது என்று அர்த்தம். 'தப்பு' என்று கத்த வேண்டாம். "612 ரூபாயை ஆறு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 12 ரூபாய்தானா? மீதியை யாரு எடுத்துக்கிட்டா?" என்று கேளுங்கள். பிள்ளையே சிரித்துக்கொண்டு 102 என்று திருத்தும்.

இரண்டாவது: அரையும் காலும் கூட்டினால் எவ்வளவு? மேலே உள்ள 1-ஐயும் 1-ஐயும் கூட்டி, கீழே உள்ள 2-ஐயும் 4-ஐயும் கூட்டி, ஆறில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். அரைக் கிலோ சர்க்கரையோடு கால் கிலோ சேர்த்தால் 750 கிராம். ஒரு கிலோவில் ஆறில் இரண்டு பங்கு என்றால் 333 கிராம்தான் வரும். கால் கிலோ சேர்த்த பிறகு அரைக் கிலோவை விடக் குறையுமா? கடைக்கார அண்ணாச்சி இதை வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார்.

மூன்றாவது: 0.5 பெரிசா, 0.25 பெரிசா? 25 தான் பெரிசு என்று சட்டென்று சொல்லும் பிள்ளையை எலக்ட்ரானிக் தராசு முன்னால் நிறுத்துங்கள். அரைக் கிலோ வைத்தால் 0.500, கால் கிலோ வைத்தால் 0.250 என்று காட்டும். புள்ளிக் கணக்கு அங்கேயே புரிந்துவிடும்.

கடன் கணக்கும் உதவும். மைனஸ் 3 பெரிசா, மைனஸ் 8 பெரிசா என்று பிள்ளை முழிக்கிறதா? மூன்று ரூபாய் கடன் வைத்தவன் தேவலையா, எட்டு ரூபாய் கடன் வைத்தவன் தேவலையா என்று கேளுங்கள். பற்று வரவு எழுதுகிற வீட்டுப் பிள்ளைக்கு இது பால பாடம்.

2018-இல் வந்த ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் விலைப் பட்டியல், லாபம், நட்டம் என்று ஒரு பாடமே இருக்கிறது. "நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன தெரியும்?" என்று பல பெற்றோர் ஒதுங்கிக் கொள்கிறார்களே, அவர்கள் தினமும் போடுகிற கணக்குதான் அந்தப் பாடம்!

இங்கிலீசு தெரியாத அப்பா என்ன செய்வது?

இங்கிலீசு தெரிய வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். தினமும் பத்து நிமிடம் பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததைத் தமிழில் கதை மாதிரிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால், வெறும் உரு போட்டிருக்கிறது என்று உங்களுக்கே பிடிபடும். அதே பக்கத்தை மூன்று நாள் படிக்கட்டும். முதல் நாள் திக்கும். மூன்றாம் நாள் ஓடும். நடுவில் நிறுத்திக் குட்ட வேண்டாம்.

பிள்ளை திணறக் காரணம் உண்டு. தமிழில் 'சோறு சாப்பிட்டேன்' என்று வினைச்சொல் கடைசியில் வரும். இங்கிலீசில் 'ஐ ஏட் ரைஸ்' என்று நடுவில் வரும். எழுத்தின் பேர் 'சி'. ஆனால் 'சிட்டி' என்ற சொல்லில் ஒரு சத்தம், 'கேட்' என்ற சொல்லில் வேறு சத்தம். இது பிள்ளையின் மந்தம் இல்லை. அந்த மொழியின் குணம். கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

பஸ்ஸில் போகும்போது கடை போர்டு, மின்சார ரயில் நிலையத்தில் பெயர்ப் பலகை, வீட்டில் சோப்பு உறை, மாத்திரை அட்டை என்று தினம் மூன்று சொல் பிடிக்கச் சொல்லுங்கள். அதில் ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் எழுதட்டும். மாசத்துக்கு முப்பது வாக்கியம் ஆச்சு.

டியூஷன் இருக்கே என்கிறீர்களா?

டியூஷன் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சில இடங்களில் மறுநாள் கொண்டு போக வேண்டிய ஹோம்வொர்க்கை எழுதி முடித்து அனுப்புவதோடு சரி. நோட்டு நிறைகிறது, தலை நிறைவதில்லை. அன்றைக்குப் போட்ட கணக்கில் எண்ணை மட்டும் மாற்றி வீட்டில் ஒன்று கொடுங்கள். போட முடிந்தால் பணம் வீண் போகவில்லை. செல்போனில் விடையைத் தேடி எழுதும் பிள்ளைக்கும் இதே சோதனைதான்.

மார்க் குறைந்த அன்றைக்குப் பெல்ட்டைக் கழற்றுவது வேண்டவே வேண்டாம். பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று அதே 2009 சட்டம் சொல்கிறது. வீட்டில் அடித்தால் பிள்ளை கற்றுக் கொள்வது ஒன்றே ஒன்று: பரீட்சைப் பேப்பரை ஒளித்து வைப்பது. அதன் பிறகு துப்பு கிடைக்காது.

பள்ளியில் போய்க் கேளுங்கள்

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான். அதில் பேசலாம். 2025-இல் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரை, தமிழ், இங்கிலீசு, கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 'திறன்' என்ற திட்டம் வந்தது. அரசே இப்படித் திட்டம் போட வேண்டி வந்ததே, களவு நடந்ததற்கு அது ஒன்றே சாட்சி. 'என் பிள்ளை எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் நிற்கிறது?' என்று வாத்தியாரிடம் நேராகக் கேளுங்கள். 'பரவாயில்லை' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

கடை சாத்தி வந்த பிறகு இருபது நிமிடம். பத்து கணக்குக்கு, பத்து இங்கிலீசுக்கு. டி.வி.யையும் செல்போனையும் அதுவரை அணைத்து வையுங்கள், பெரியவர்களும் சேர்த்துத்தான்.

இன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம். 612-ஐ 6-ஆல் வகுத்தால் எவ்வளவு? சைபர் இருக்கிறதா, தொலைந்ததா என்று பாருங்கள்!