பழவேற்காடு என்றே வழங்குக!

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரி வட்டத்தின் கடலோரத்தில், ஏரியும் கடலும் கலக்கும் இடத்தில் அமைந்த சிற்றூர் பழவேற்காடு. அதன் வடபால் விரிந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு, இந்திய நாட்டு உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரியாகும். ஆயினும் உலகம் இவ்வூரை அறிந்திருப்பது 'புலிக்காட்' என்னும் பெயராலேயே. தமிழ் ஒலிகள் வாயில் நுழையாத அயலார் அவ்வாறு அழைத்ததில் வியப்பில்லை. ஆட்சி அவர்கள் கையைவிட்டுப் போய் முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் ஆங்கிலத்தில் எழுதுங்கால் தமிழரும் அச்சிதைவையே எழுதுவதும், படித்தவர் பலர் தமிழிலும் அதனையே பேசுவதும் நாணத்தக்கன.

பழவேற்காடு என்பது பொருள் பொதிந்த பெயர். வேல் என்பது வேலமரம். நிலைமொழி ஈற்று லகரம் வருமொழி வல்லினத்தோடு புணருங்கால் றகரமாகத் திரியும். கல் + குவியல் கற்குவியல் ஆனாற்போல, வேல் + காடு வேற்காடு ஆயிற்று. பழமை என்னும் சொல் ஈறு கெட்டுப் 'பழ' என முன்னே நின்றது. சென்னைக்கு மேற்கேயுள்ள திருவேற்காடும் இவ்வாறு அமைந்த பெயரே. 'பழமும் வேரும் நிறைந்த காடு' எனச் சிலர் பொருள் கூறுவர். வேர் என்பது நிலைமொழியாயின் வேர்க்காடு என்றே வரும். றகரத்துக்கு ஆங்கு இடமேது? வேலமரம் செறிந்த பழங்காட்டின் ஓரத்தில் எழுந்த குடியிருப்பு இது என்னும் செய்தியை அந்த ஓர் எழுத்தே காத்து நிற்கின்றது. 'புலிக்காட்' என்னும் சிதைவிலோ வேலும் இல்லை, பழமையும் இல்லை.

இச்சிதைவு பிறந்த கதை, தமிழ்க் கடற்கரை அயலார் கைக்குப் போன கதையாகும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இங்கு வந்தனர். இங்குள்ள மாதா கோயிலின் தோற்றம் 1515ஆம் ஆண்டினது என்பர். அவர்களையடுத்து ஒல்லாந்தர் வந்தனர். 1610இல் விசயநகர அரசிடம் வணிக இசைவு பெற்று, 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். தம் நாட்டின் கெல்தர்லாந்து என்னும் பகுதியின் பெயரைத் தமிழ் மண்ணில் கட்டிய கோட்டைக்குச் சூட்டிய அவர்கள், அம்மண்ணின் பெயரைத் தம் வாய்க்கேற்பச் சிதைத்தனர். சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆயிற்று. தரங்கம்பாடியும் தூத்துக்குடியும் அயலார் வாயில் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை.

1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடம் மாறும் வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர்தம் வணிகத்துக்குப் பழவேற்காடே தலைமையிடம். இங்கு நாணயம் அடித்தனர், வெடிமருந்து செய்தனர். தமிழரும் தெலுங்கரும் நெய்த துணியைக் கப்பலேற்றிச் சென்று, கீழைத் தீவுகளில் நறும்பொருள்களுக்கு மாற்றினர். துணியோடு மாந்தரையும் ஏற்றினர். பஞ்சமும் போரும் வாட்டிய ஆண்டுகளில் பசித்த மக்களை விலைக்கு வாங்கி, சாவகத் தீவின் பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பினர். அவ்வாறு போனவர் பல்லாயிரவர். அவர்களுக்குக் கல்லறையுமில்லை, கல்லில் பெயருமில்லை.

துணியின் பெயர் மட்டும் நிலைத்தது. மலேசியாவில் ஆடவர் உடுக்கும் கட்டம் போட்ட கைலியை இன்றும் மலாய் மொழியில் 'கயின் பெலிக்காட்' என்கின்றனர். பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் சிதைவே. நெய்தவனை மறந்த உலகம் ஊரை நினைவிற் கொண்டது. அதனையும் சிதைந்த வடிவிலேயே கொண்டது.

1781இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1825இல் பழவேற்காடும் முற்றாக அவர்கள் உடைமையாயிற்று. கெல்திரியா நின்ற இடத்தில் இன்று இருப்பது முட்புதர் படர்ந்த மேடே. அதன் அருகே ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் உள்ளது. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. உள்ளே வணிகத் தலைவர்களின் பெயரும் பெருமையும் பொறித்த கற்கள் கிடக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை இதற்கு வேலியிட்டுக் காத்து வருகின்றது. காப்பது தக்கதே. எனினும் பழவேற்காடு என்றால் இக்கல்லறை மட்டுமே என எண்ணிப் படமெடுத்துத் திரும்புவோர் ஊரைக் கண்டவராகார்.

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமகாதையைக் கூறும் சின்னஞ்சிறு புடைப்புருவங்களைக் காணலாம். இசுலாமியத் தமிழரின் பெரிய பள்ளியையும் சின்னப் பள்ளியையும் காணலாம். அவர்தம் இல்லப் பெண்டிர் பனையோலையில் முடையும் பெட்டிகளின் கைவண்ணம் பெரிது. மழைக்காலம் முடியுங்கால் ஏரியில் வந்திறங்கும் பூநாரைகள், ஆழமற்ற நீரைச் செந்நிறமாக்கி நிற்கும் காட்சி கண்கொள்ளாதது.

அந்த ஏரியின் குறுக்கே இன்று ஓர் எல்லைக்கோடு ஓடுகின்றது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு மாற்றாகத் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் ஊர்கள் பல ஆந்திரத்துக்குச் சென்றன. ஏரியின் மிகப் பெரும் பகுதி ஆந்திரத்திலும், தென்கோடியின் சிறு பகுதி தமிழகத்திலும் உள்ளன. பறவைகளுக்கென ஆந்திரம் 1976இலும் தமிழகம் 1980இலும் இதனைக் காப்பிடமாக்கின. கடலுக்கும் ஏரிக்கும் இடையே கிடக்கும் சிறீஅரிக்கோட்டைத் தீவிலிருந்து ஏவுகலங்கள் விண்ணுக்கு எழுகின்றன.

விண்ணுக்கு வழி கண்ட நாட்டில், மீனவன் கடலுக்குப் போகும் வழி மணலால் அடைபட்டுக் கிடப்பதுண்டு. கோடையில் பொழிமுகம் தூர்ந்து விட்டால் கடல்நீர் ஏரிக்குள் வாராது. ஏரியின் உவர்ப்பு முறை கெடும். இறாலும் மீனும் குன்றும். ஏரியை வரைமுறையின்றி வாரிக் கொள்ளாமல், இன்ன நாள் இன்னார் இவ்விடத்தில் வலையிடுக என முறை வைத்துப் பகிர்ந்துண்ணும் 'பாடு' என்னும் ஏற்பாட்டை இம்மக்கள் வழிவழியாகக் காத்து வந்துள்ளனர். அறிஞர் பலர் வியந்து ஆய்ந்த முறை அது. அம்முறைக்கு அடிப்படையான நீரே குன்றினால் எதனைப் பகிர்வது? காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, இப்பகுதி மீனவர் எதிர்த்தெழுந்தது இந்த அச்சத்தாலேயே. இறந்த அயலானின் கல்லுக்கு வேலி கிடைத்தது போல, வாழும் தமிழனின் ஏரிக்கும் காப்பு வேண்டும்.

பெயரைக் காப்பதால் வயிறு நிறையுமா என வினவுவோர் உளர். ஓரூரின் பெயரை மதியாதவன் அவ்வூர் மக்களின் உரிமையை மதித்ததாக வரலாறு இல்லை. பெயரைச் சிதைத்த கைதான் நம் மக்களை அடிமைக் கப்பலிலும் ஏற்றிற்று.

2020 சூன் திங்களில், 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு தமிழக அரசு ஆணையிட்டது. எழுத்துமுறையில் குறை காணப்பட்டமையால் சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. குறை எழுத்துமுறையில் இருந்ததேயன்றி நோக்கத்தில் இல்லை. ஆதலின் மொழியறிஞரைக் கொண்டு அப்பணியை மீண்டும் தொடங்குதல் அரசின் கடன். அதுவரை காத்திராமல், கடிதத்திலும் பேச்சிலும் வகுப்பறையிலும் பழவேற்காடு என்றே வழங்குதல் தமிழர் ஒவ்வொருவரின் கடன். அதற்கு எவர் ஆணையும் வேண்டுவதில்லை.