கட்டி முடிக்கப்படாத கோபுரங்கள்



உங்கள் பிள்ளைகளில் பலர் பெருநகரங்களில் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நீங்கள் தொடங்கிய திட்டங்களில் எத்தனை முடிந்தன?" பெரும்பாலோர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவர். பெரிய எண்ணத்தோடு தொடங்கி, ஆண்டுகள் பல சென்றும் முடிவுறாத திட்டங்கள் அந்தத் துறையில் ஏராளம். அவற்றைத் தொடங்கியவர்கள் அறிவிலும் உழைப்பிலும் குறைந்தவர்கள் அல்லர். அப்படியிருக்க, அவை ஏன் முடியவில்லை? அவற்றுக்காகக் காத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

காத்திருப்பவர்கள் யார் என்பதை அறிய, அந்தமான் தீவுகளின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடகோடியில் திக்லிபூர் என்ற ஊர் இருக்கிறது. 732 மீட்டர் உயரமுள்ள சேடில் பீக் மலையும், ஏரியல் பே துறைமுகமும், நெல்வயல்களும் உள்ள பகுதி அது. தலைநகரிலிருந்து சாலைவழியே சென்றால் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் பயணம். "கடைசி கிராமம்வரை கணினி" என்று நகரத்தில் ஒருவர் மேடையில் பேசும்போது, அந்தக் கடைசிக் கிராமம் திக்லிபூரைப் போன்ற ஊர்களுக்கும் அப்பால் இருக்கிறது.

நம் நாட்டில் அப்படி எழுந்த ஒரு பெரிய கனவு சிம்ப்யூட்டர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து அதை வடிவமைத்தனர். 2001 ஏப்ரலில் மாதிரிக் கருவி உலகுக்குக் காட்டப்பட்டது. எழுத்தறியாதவரும் பயன்படுத்தும்படி அது இந்திய மொழிகளில் எழுத்தை வாசித்துச் சொல்ல வேண்டும். ஒரே கருவியை ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை இருக்க வேண்டும். விலை 200 டாலர், அதாவது அந்நாளில் ஒன்பதாயிரம் ரூபாய் அளவே இருக்க வேண்டும். எத்தனை மேன்மையான நோக்கம்! உலகப் பத்திரிகைகளும் அதைப் புகழ்ந்து எழுதின.

2004 மார்ச்சில் அது விற்பனைக்கு வந்தது. ஓராண்டில் ஐம்பதாயிரம் விற்கும் என்று எண்ணியிருந்தனர். விற்றவையோ ஏறத்தாழ நான்காயிரம். கருவி உருவாயிற்று, ஆனால் அதன் பயன் முழுமையடையவில்லை. விவசாயிக்குத் தேவையான விலைநிலவரத்தை நாள்தோறும் யார் எழுதித் தருவது? கிராமத்தில் அதை எந்தத் தொலைபேசி இணைப்போடு சேர்ப்பது? பழுதானால் எங்கே கொண்டுசெல்வது? இவற்றுக்கு விடை பிறக்குமுன் மலிவான கைபேசி ஊர்தோறும் நுழைந்துவிட்டது. பேசுவது என்ற ஒரே காரியத்தை அது செய்தது. அதை முழுமையாய்ச் செய்தது.

இந்தப் பாடம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் யாவரும் உரிமையோடு பயன்படுத்தத்தக்க முழு இயங்குதளம் ஒன்றை உருவாக்கப்போவதாக 1983-இல் அறிவித்தார். அதன் பல பகுதிகள் சிறப்பாக முடிந்தன. மையப்பகுதியாகிய ஹர்ட் மட்டும் 1990-இல் தொடங்கப்பட்டு இன்றுவரை முதல் முழுப்பதிப்பை எட்டவில்லை. 2016-இல் வந்த பதிப்பின் எண் 0.9. மிக நேர்த்தியான அமைப்பை விரும்பினார்கள். அந்த நேர்த்தியே பிழைகளைக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்கிற்று. இடையில் 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர், பொழுதுபோக்காய்ச் செய்த சிறிய மையப்பகுதி ஒன்றை வெளியிட்டார். பழைய முறையில் அமைந்திருந்தாலும் அது இயங்கியது. அதுவே லினக்ஸ். நாம் மேலே கண்ட சிம்ப்யூட்டரும் அதன்மேல்தான் இயங்கிற்று!

டெட் நெல்சன் என்ற மற்றொருவர் 1960-இல் ஸனாடு என்ற திட்டத்தைக் கனவு கண்டார். உலகின் நூல்கள் யாவும் ஒன்றோடொன்று இணைக்கப்படும். எந்த இணைப்பும் அறுந்துபோகாது. எடுத்தாளப்படும் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவருக்கு உரிய தொகை சேரும். அரைநூற்றாண்டுக்குப்பின் 2014-இல் ஒரு மாதிரி மட்டுமே வெளிவந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்வைத்த வலையமைப்பிலோ இணைப்புகள் அறுந்துபோகலாம். எழுதியவருக்குத் தொகை சேர்க்கும் வழியும் இல்லை. அந்தக் குறைகளோடு அது உலகெங்கும் சென்றது.

பிரியமானவர்களே, இவற்றை ஒன்றாய் வைத்து நோக்குங்கள். முடித்தவர்கள் எதை விட்டுவிடுவது என்று முதலில் தீர்மானித்தார்கள். முடிக்காதவர்கள் எதையும் விட்டுவிட மனமற்றிருந்தார்கள்.

ஆனால் இதிலே ஒரு வேதனையும் உண்டு. நாம் விட்டுவிடுவது யாரோ ஒருவருடைய பங்கு அல்லவா? சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கம்பி போடும் திட்டத்தைப் பாருங்கள். 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். குறித்த சில இடங்களில் மட்டும் கரையேற வேண்டும் என்று வரையறுத்ததால் அதை முடிக்க முடிந்தது. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்), லாங் ஐலண்ட், ரங்கத் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன, திக்லிபூர் இல்லை. வடக்கே அதற்கு மிக அருகில் கம்பி கரையேறிய இடம் ரங்கத். முடிந்த வேலை பெரிய நன்மைதான். எனினும் பட்டியலில் இடம்பெறாத ஊரை மறந்துவிடுவது நியாயமாகாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது எப்படி? நெகேமியாவின் புஸ்தகம் இதற்கு வழிகாட்டுகிறது. எருசலேமின் அலங்கம் 52 நாளில் முடிந்தது. பலர் தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைக் கட்டினதாக மூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஏழாம் அதிகாரமோ நகரத்தில் வீடுகள் இன்னும் கட்டப்படவில்லை என்று மறைக்காமல் சொல்லுகிறது. அவர் அலங்கத்தையும் வீடுகளையும் ஒன்றாய்த் தொடங்கவில்லை. முதலில் அலங்கத்தை முடித்தார். இல்லாத வீடுகளை எழுத்தில் குறித்தார். பின்பு ஜனங்களை அதில் குடியேற்றினார். லூக்கா 14-இல் கோபுரம் கட்டத் தொடங்கியவன் முதலில் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்ததும் இதற்கு இசைவானதே. ஏனெனில் அஸ்திபாரத்தோடு நின்றுபோன கோபுரத்தில் ஒருவரும் குடியிருக்க இயலாது.

இதை உங்கள் வீட்டுக்கும் சபைக்கும் பொருத்திப் பாருங்கள். கணினி படித்த வாலிபன் ஒருவன், "சபைக்கு ஒரு செயலி செய்து தருகிறேன், அங்கத்தினர் பதிவு, காணிக்கைக் கணக்கு, பாடல்கள், ஜெப விண்ணப்பங்கள் யாவும் அதில் இருக்கும்" என்கிறான். இரண்டு ஆண்டுகள் செல்கின்றன. முதிய பொருளாளரோ கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிக்கொண்டு இன்னும் நோட்டுப் புத்தகத்தில் கூட்டிக்கொண்டிருக்கிறார். வாலிபனுக்கு அது நின்றுபோன ஒரு திட்டம். அவருக்கோ ஒவ்வொரு மாதமும் தொடரும் கண்வலி.

வாலிபரே, மூன்று காரியங்களைச் செய்யுங்கள். யாருக்காகச் செய்கிறீர்களோ அவர் பெயரை முதல் தாளில் எழுதுங்கள். அவருக்கு அடுத்த மாதமே உதவும் ஒன்றைத் தெரிந்துகொண்டு, காணிக்கைக் கணக்கை மட்டுமாவது முடித்துக் கையில் கொடுங்கள். விட்டுவிட்டவற்றை மறைக்காமல் பட்டியலிட்டு, அடுத்து எது என்று நாளோடு சொல்லுங்கள்.

பெற்றோரே, பிள்ளைகள் தொடங்கும் பெரிய காரியங்களை மட்டும் மெச்சாமல், அவர்கள் முடித்துக் கொடுக்கும் சிறிய காரியத்தையும் மெச்சுங்கள். உங்களுக்கும் ஒரு திக்லிபூர் உண்டு. உங்கள் பட்டியலின் கடைசியில் யாரோ ஒருவர் இன்னும் காத்திருக்கிறார். இந்த மாதம் அவருக்குரிய ஒரு வேலையையாவது முடித்துக் கொடுங்கள். அதற்கான பெலனைக் கர்த்தர்தாமே உங்களுக்குத் தந்தருள்வாராக.