லயத்தில் கரண்ட் போனால் எது சிக்கனம்?

மடுல்சீமையில் கரண்ட் போவதற்குப் புயல் வர வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் ஒரு சவுக்குக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் போதும், கீழேயிருந்து ஆட்கள் ஏறி வந்து பார்க்கும்வரை மலை முழுக்க இருட்டுத்தான். கார்த்திகை, மார்கழி மழையில் மண் சரிந்து பாதையும் அடைபட்டால் இன்னும் இழுபடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது அந்த இருட்டு எப்படி நாள்கணக்கில் நீளும் என்பதை எல்லோரும் கண்டோம்.

சமாளிப்பதற்கு எங்கள் சனங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பீலித் தண்ணீருக்கு மோட்டார் வேண்டாம். கவ்வாத்து மலையில் பொறுக்கிவந்த மிலாறு இஸ்தோப்பில் அடுக்கியிருக்கிறது. ரைஸ் குக்கர் வாங்கிய வீடுகளிலும் விறகடுப்பை யாரும் இடித்துவிடவில்லை. காலமெல்லாம் கொழுந்து எடுத்து ஓய்ந்த என் அம்மா, வானம் கறுத்தாலே வெளிச்சத்தோடு மாவைப் பிசைந்து ரொட்டியைச் சுட்டு, சம்பலையும் அரைத்து மூடி வைத்துவிடுவார். இராத்திரிக்குச் சாயத்தண்ணி மட்டும் ஊற்றினால் போதும்.

எனக்குச் சண்டை வெளிச்சத்தைப் பற்றித்தான். கரண்ட் போனதும் அலுமாரிக்கு மேலிருந்து குப்பிலாம்பு இறங்குகிறதே, அதைச் சிக்கனம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

உயரமான பழைய போத்தல், மூடியில் ஆணியால் அடித்த ஓட்டை, சேலைக் கிழிசலில் திரி. அதைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளை குனிந்து எழுதுகிறது. முழங்கை பட்டால் போத்தல் சாய்ந்து மூடி கழன்று மண்ணெண்ணெய் மேலெல்லாம் கொட்டும். நைலோன் கவுன் தீப்பிடித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இப்படி எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992இல் ‘சுதீபா’ என்றொரு விளக்கைச் செய்தார். குட்டையான, கனமான கண்ணாடி. மார்மைட் போத்தலைப் பார்த்து வந்த யோசனை. இலேசில் சாயாது. சாய்ந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. திருகி மூடுகிற உலோக மூடி என்பதால் எண்ணெயும் கொட்டாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. உலகமே பாராட்டிய அந்த விளக்கு ஒவ்வொரு லயத்துக் காம்பராவுக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

லயத்தில் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. நீளமாக ஒரே கூரை, நடுவில் ஒற்றைச் சுவர். ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசையே போய்விடும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பாடசாலைச் சீருடை எல்லாம் சாம்பல். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பக்கத்து வீட்டையும் பணயம் வைக்கிற காரியம் இது.

அந்தப் பத்து ரூபாயும் இப்போது மிஞ்சுவதில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. அன்றைக்குத் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரு லீற்றர் எண்ணெய்க்குக் கொடுத்தோம். அந்த வருடம் மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டியது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். 2023 தொடக்கத்தில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோதும் வெட்டு நிற்கவில்லை. கொழும்பில் இன்வேட்டர் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்தான் வந்தது. மாலை வகுப்பு நடத்துகிறவள் என்பதால் அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே, தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வரும்போது முதலில் ஒரு எமர்ஜென்சி பல்ப் வாங்குங்கள். சாதாரண ஹோல்டரிலேயே மாட்டலாம். கரண்ட் இருக்கும்போது எரியவிட்டால் தானே சார்ஜ் ஏறும், போனால் தொடர்ந்து எரியும். வீட்டில் ஒரு பல்ப் போதும். எல்லோரும் அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும். பின்னால் சுண்ணாம்பு பூசிய சுவர் இருந்தால் வெளிச்சம் இன்னும் பரவும். போனை டோர்ச்சாக எரித்துத் தீர்க்காதீர்கள். இந்த மலையில் சிக்னல் குறைவு, சிக்னலைத் தேடித் தேடியே பாதி பற்றரி இறங்கிவிடும். அதை பிளைட் மோடில் போட்டு வையுங்கள். இரவில் அவசரமாக அம்புலன்சைக் கூப்பிட அந்தப் பற்றரிதான் வேண்டும்.

வீட்டுக்கு வீடு சோலார் போட எங்களிடம் பணமில்லை. ஆனால் தோட்டத்துக்கொரு பிள்ளைக் காம்பரா இருக்கிறது, கோயில் இருக்கிறது. அவற்றில் ஒன்றின் கூரையில் ஒரு சோலார் தகடும், உள்ளே ஒரு பற்றரியும், நாலு பல்பும், போன் சார்ஜ் பண்ண ஒரு பலகையும் வைத்தால் கரண்ட் இல்லாத இரவில் ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே உட்கார்ந்து படிக்கலாம். தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் சேர்ந்தால் முடியாத காரியமல்ல. வாக்குக் கேட்டு மலையேறி வருகிறவர்களிடமும் இதைக் கேட்போம்.

அடுத்த மழைக்கும் நிவாரணப் பொதி கட்டுகிற நல்ல உள்ளங்களுக்கு ஒரு வேண்டுகோள். அரிசி, பருப்பு, பால்மாவோடு மெழுகுதிரிக் கட்டை வைக்காதீர்கள். அந்தக் காசில் லயத்துக்கு ஒன்றாவது, சார்ஜ் ஏறுகிற விளக்கு அனுப்புங்கள்.