உப்பு மூட்டை சொன்ன சாட்சி

சென்னையின் தென்கோடியில், மேடவாக்கத்துக்கு அப்பால் என் அண்ணா வீடு கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அங்கே எந்தப் பேச்சு ஆரம்பித்தாலும் கடைசியில் தண்ணீரில்தான் போய் முடியும். போர் தண்ணீர் பார்வைக்கென்னவோ பன்னீர் மாதிரி இருக்கும். ஆனால் சோப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாலும் நுரை வராது. திரிந்த பால் மாதிரி ஏதோ ஒன்று வாளியில் மிதக்கும். துவரம் பருப்பு மணிக்கணக்கில் கொதித்தும் வேகமாட்டேன் என்று பிடிவாதம் செய்யும். எவர்சில்வர் பாத்திரங்களில் வெள்ளைப் பூச்சு. கீஸரைப் பிரித்துப் பார்த்தபோது அதன் வயிற்றிலிருந்து ஒரு படி சுண்ணாம்புக் கல் விழுந்ததாம். என் மன்னிக்குத் தலைமயிர் கொட்டியதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்தார்கள். அது எவ்வளவு தூரம் நியாயம் என்று எனக்குத் தெரியாது. மன்னியிடம் கேட்கத் தைரியமும் இல்லை.

தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். கடினத் தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்று சீட்டு வந்தது. குடிநீருக்கு நமது தேசத் தர நிர்ணயம் சொல்லும் அளவு 200; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆக, அண்ணாவின் கிணறு பொறுமையின் எல்லையில் நின்றது.

பிறகென்ன? வீடு முழுவதற்குமாக, தானே இயங்கித் தானே கழுவிக்கொள்ளும் சுத்திகரிப்பு யந்திரம் ஒன்று வந்து இறங்கிற்று. ஆளுயரத்தில் மூன்று உருளைகள். முதலாவதில் மணல், மண்ணையும் கலங்கலையும் பிடிக்கும். இரண்டாவதில் கரி, வாசனையையும் நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். மூன்றாவதுதான் கதாநாயகன், ஸாப்ட்னர். அதனுள்ளே கேழ்வரகு மாதிரி சின்னச் சின்ன ரெஸின் மணிகள். பக்கத்தில் ஒரு உப்புத் தொட்டி.

இந்த மூன்றாவது உருளையின் வித்தையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வடிகட்டி என்றால் நாமெல்லாம் காபி வடிகட்டுவது போல் நினைத்துக்கொள்கிறோம். இது அப்படியல்ல, பண்டமாற்று. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ரெஸின் மணிகள் வாங்கிக்கொண்டு, தங்களிடமுள்ள சோடியத்தைக் கொடுத்து அனுப்புகின்றன. கொடுக்கக் கொடுக்கக் கையிருப்புத் தீர்ந்து போகுமல்லவா? அப்போது உப்புக் கரைசலை உள்ளே செலுத்தினால் மணிகள் சுண்ணாம்பைச் சாக்கடையில் தள்ளிவிட்டு மறுபடி சோடியத்தை நிரப்பிக்கொள்ளும். மண்ணுக்கு இப்படிப் பண்டமாற்றும் குணம் உண்டென்பதை 1850-ம் வருஷத்திலேயே இங்கிலாந்தில் விவசாய ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றைய ரெஸின் 1935-க்குப் பின் வந்தது. நம் பாட்டிமார் கலங்கல் தண்ணீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிய வைத்தார்களே, அதற்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. கலங்கல் படியும், சுண்ணாம்பு போகாது.

யந்திரத்தைப் பூட்டிய பையன் கெட்டிக்காரன். மூன்று நாளுக்கு ஒரு முறை, ராத்திரி இரண்டு மணிக்கு, எல்லோரும் தூங்கும்போது அது தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்படி கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "இனிமேல் நீங்க கவலையே பட வேண்டாம், ஸார்!" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன்படியே இரண்டு மணிக்குக் 'கர்ர்' என்று சத்தம் கேட்கும். அண்ணா படுக்கையில் புரண்டபடியே, "பார்த்தாயா, வேலை செய்கிறது!" என்று பெருமைப்படுவார்.

முதல் சில நாட்கள் சோப்பு நுரைத்துத் தள்ளிற்று. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால், "உங்க தண்ணீர் ரொம்ப மோசம், மேடம். பெரிய மாடல் போட வேண்டியதுதான்" என்று பதில்.

மன்னி பெரிய மாடலுக்குச் சம்மதிக்கவில்லை. ஊறுகாய் ஜாடியில் ஒரு துண்டு குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள் அவள். உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். இருபது நாளாயிற்று, கொட்டின உப்பு கொட்டின மட்டத்திலேயே இருந்தது.

"கழுவிக்கிறதுன்னா உப்பு குறையணுமே, அண்ணா சொல்றது எப்படி?" என்று என்னிடம் கேட்டாள். அவளே கணக்கும் போட்டாள். உருளையில் 25 லிட்டர் ரெஸின். லிட்டர் ரெஸினுக்குச் சுமார் 50 கிராம் சுண்ணாம்பைத் தாங்கும் சக்தி என்றால் மொத்தம் 1,250 கிராம். இவர்கள் தண்ணீரில் லிட்டருக்கு 0.6 கிராம். ஆகவே ஏறக்குறைய 2,000 லிட்டரில் சரக்குத் தீர்ந்துவிடும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது மூன்று நாள் காணும். ஒவ்வொரு கழுவலுக்கும் நாலு கிலோ உப்பு. இருபது நாளில் 25 கிலோ மூட்டை காலியாகியிருக்க வேண்டும்!

ரகசியம் என்ன தெரியுமா? யந்திரத்தை ஸம்ப் மோட்டாருக்கும் மாடித் தொட்டிக்கும் நடுவே பூட்டியிருந்தார்கள். உப்புக் கரைசலை உறிஞ்ச வேண்டுமானால் குழாயில் நல்ல அழுத்தத்தோடு தண்ணீர் வர வேண்டும். மோட்டாரோ காலை ஆறு மணிக்குத்தான் ஓடும். ராத்திரி இரண்டு மணிக்கு வால்வு மட்டும் விசுவாசமாகச் சுழன்று, தண்ணீர் இல்லாமலே தலைமுழுகிவிட்டு, மறுபடி தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. மாடித் தொட்டிக்குக் கீழே பூட்டினால் மட்டும் போதுமா என்றால், பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு 'பார்' அழுத்தம் கிடைக்கும். சாதாரண மாடி வீட்டில் அதுவும் கிடைக்காது, தனியாகப் பிரஷர் பம்பு வேண்டும்.

கடிகாரத்தை மோட்டார் ஓடும் நேரத்துக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான், உப்பு மளமளவென்று இறங்கிற்று, மாதம் 40 கிலோ. பருப்பு வெந்தது. (கழுவல் நடக்கும் ஒரு மணி நேரமும் மாடிக்கு ஏறுவது சுத்தம் செய்யாத தண்ணீர்தான், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாங்கப் போகிறவர்கள் நாள் கணக்குப் பார்க்கும் வால்வைவிட லிட்டர் கணக்குப் பார்க்கும் வால்வையே கேளுங்கள். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது வீணாக உப்பைத் தின்னாது.)

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். அண்ணா வீட்டில் என் அம்மாவும் இருக்கிறாள். வயது எழுபத்தெட்டு. ரத்தக் கொதிப்பு. ஊறுகாய், அப்பளம், வடாம் எல்லாவற்றையும் டாக்டர் தடுத்துவிட்டார். அம்மாவுக்கென்று தனியாக உப்புக் குறைத்த சமையல். யந்திரம் சரியாக ஓட ஆரம்பித்த பிறகு, அம்மா ஆர்.ஓ. தண்ணீரைத் தொடுவதை விட்டுவிட்டாள். "அது சப்புனு இருக்கு. இதுதாண்டி வாய்க்கு ருசியா இருக்கு, இளநீர் மாதிரி!" என்று ஸிங்க் குழாயிலேயே செம்பைப் பிடிப்பாள். சுத்தம் செய்த தண்ணீர்தானே என்று எல்லோரும் பேசாமல் இருந்தோம்.

இரண்டு மாதம் கழித்துக் கொதிப்பு ஏறியிருந்தது. "உப்பு எங்கிருந்து வருகிறது?" என்று டாக்டர் கேட்டார். மன்னியைத்தான் எல்லோரும் பார்த்தோம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அளந்துதான் போடறேன், டாக்டர்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அன்றிரவே அவள் மறுபடி கணக்குப் போட்டாள். கடினம் 100 மில்லிகிராம் நீங்கினால் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேருகிறது. 600 நீங்கினால் 276. அம்மா நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 550 மில்லிகிராமுக்கு மேல். கிட்டத்தட்ட ஒன்றரை கிராம் உப்புக்குச் சமானம். ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராம் உப்புக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருக்கையில், தண்ணீரிலேயே கால் பங்குக்கு மேல் போய்விட்டது. கொதிப்புக்கு இதுதான் காரணம் என்று டாக்டர் சத்தியம் செய்யவில்லை, மாத்திரையையும் மாற்றினார். ஆனால் அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார்.

மன்னி அதோடு விடவில்லை. துளசி ஏன் கருகுகிறது என்று பார்த்தாள்; அதற்கும் அதே தண்ணீர். கழிவுக் குழாய் எங்கே போகிறது என்று பின்பற்றிப் போனாள். பின்கட்டில் மழைநீர் சேகரிப்புக் குழியில் போய் விழுந்துகொண்டிருந்தது! 2003-ல் சர்க்கார் கட்டாயமாக்கிய அந்தக் குழி, நிலத்தடி நீரை நல்ல நீராக்குவதற்காக ஏற்பட்டது. அதன் வழியாக மாதம் 40 கிலோ உப்பை நாங்களே எங்கள் கிணற்றடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு கழுவலுக்கும் சுமார் 200 லிட்டர் தண்ணீர் வேறு. 2019-ம் வருஷக் கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்காகக் குடத்தை வரிசை வைத்த ஜனங்கள் நாம்!

குழாய் ரிப்பேர்க்காரர் ஒரு நாள் முழுவதும் வேலை செய்தார். கழிவு சாக்கடைக்குத் திரும்பிற்று. ஸாப்ட்னர் தண்ணீர் குளியலறை, கீஸர், துணி துவைக்கும் யந்திரம் இவற்றுக்கு மட்டும். தோட்டத்துக்கு நேராகப் போர் தண்ணீர். சமையலறையில் தனிக் குழாய். அதில் மெட்ரோ தண்ணீர், காய்ச்சிக் குடிப்பதற்கு. மணலும் கரியும் ரெஸினும் கிருமியைக் கொல்வதில்லை. அதற்கு அடுப்புதான்.

காய்ச்சி ஆற்றிய தண்ணீரைப் பித்தளைச் செம்பில் ஊற்றி மன்னி அம்மாவின் பக்கத்தில் வைக்கிறாள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏண்டிம்மா, இதுவும் சப்புனுதானே இருக்கு?" என்கிறாள். மன்னி காதில் விழாதவள் போல் உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து மட்டம் பார்க்கப் போய்விடுகிறாள்.